எண்பது விழுக்காடு: ஒரு சுவிஸ் விதிக்கு உரை

சுவிட்சர்லாந்தின் நீர்ப் பாதுகாப்பு விதிகளில் 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஒரு கட்டளையின் சாரம் இது: குறைந்த அளவிலேயே நீரைக் கெடுக்கும் கரிமப் பொருள்களை, உள்ளே வரும் கழிவுநீரோடு ஒப்பிட்டு, தேர்ந்தெடுத்த பொருள்களை அளந்து, 80 விழுக்காடு நீக்க வேண்டும்.

‘குறைந்த அளவிலேயே’ என்றது, லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கை. நெஞ்சுச் சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக் சாப்பிட்டால், அதில் ஒரு பங்கு உருமாறாமலே சிறுநீரில் இறங்கிவிடும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், காற்றூட்டும் தொட்டியின் நுண்ணுயிர்கள் மலத்தையும் சோப்பையும் தின்று தீர்க்கும். இந்த மருந்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆற்றில் சேரும் அந்தச் சொற்பம் கிருமியைக் கொல்லப் போதாது. ஆனால் மருந்துக்கு மசியாத கிருமிக்குக் கை கொடுக்க அதுவே போதுமானதாகலாம்.

‘உள்ளே வரும் கழிவுநீரோடு ஒப்பிட்டு’ என்ற இடத்தில்தான் விதியின் உயிர் இருக்கிறது. ஆற்றில் எவ்வளவு என்று மட்டும் கேட்டிருந்தால், பேராற்றங்கரை நிலையம் எதுவும் செய்யாமலே தேறிவிடும். நீர்த்துப்போவது நீக்கம் ஆகாது. நிலையத்தின் உழைப்பை நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் அளக்கச் சொன்னது மிகச் சரி.

‘தேர்ந்தெடுத்த பொருள்கள்’ மொத்தம் 12. டைக்ளோஃபெனாக், கார்பமாசெபைன் ஆகிய மருந்துகளும் உள்ள இந்த வரிசையில் ஆண்டிபயாடிக் என்று இருப்பது கிளாரித்ரோமைசின் ஒன்றுதான். இத்தகைய பொருள்களை நீக்க, டூபென்டார்ஃபின் நொய்குட் சுத்திகரிப்பு நிலையம் 2014இலேயே ஓசோனைக் களமிறக்கியது. தொட்டியின் அடியிலிருந்து குமிழ்குமிழாக ஏறும் ஓசோன், கிளாரித்ரோமைசினில் உள்ள நைட்ரஜனைத் தாக்குகிறது. கிருமியின் ரைபோசோமைப் பற்றிக்கொள்ள மருந்துக்கு வேண்டிய பகுதி அது. அது போனால் மருந்தின் வீரியமும் போயிற்று. ஓசோன் வினையில் உண்டாகும் பொருள்களில் எளிதில் சிதைபவற்றை அடுத்துள்ள மணல் வடிகட்டியின் நுண்ணுயிர்கள் கவனித்துக்கொள்ளும். புரோமைடு மிகுந்த நீரில் ஓசோன் நஞ்சான புரோமேட்டை உண்டாக்கும். அங்கே, மருந்துகளைத் தன்மேல் ஒட்டவைத்து நீக்கும் செயலூட்டிய கரித்தூள் நல்லது. கரித்தூளுக்கும் எல்லை உண்டு: சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற ஆண்டிபயாடிக் அதில் எளிதில் ஒட்டாது.

‘80 விழுக்காடு’ என்றால் ஐந்தில் நான்கு. செலவைக் கருதினால் இதைக் குறைசொல்ல மனம் வரவில்லை. தலைக்கு ஆண்டுக்கு 9 பிராங்க் வரை வசூலித்து, கட்டுமானச் செலவில் முக்கால் பங்கை அரசு ஏற்கிறது. என் குறை வேறு. மருந்தை எண்ணும் இந்த வாக்கியம், அதே சாக்கடையில் வரும் மருந்தெதிர்ப்பு மரபணுக்களை எண்ணவில்லை. கிளாரித்ரோமைசின் சிதைந்த நீரிலும் அவை உயிருள்ள கிருமிகளுக்குள் இருந்தபடியே ஆற்றில் இறங்கக்கூடும்.