ஃபெஸ் நகரின் நீல வாயில்

மொரோக்கோ நாட்டின் ஃபெஸ் நகருக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணி முதலிற் செய்யும் காரியம், ஒரு பகலுக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதாகும். அது வீண் செலவன்று. ஏறத்தாழ 280 ஹெக்டேயர் பரப்பில் மதில்களுக்குள் அடங்கிய அப்பழைய நகரில், ஆயிரக்கணக்கான ஒழுங்கைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மோட்டார் வண்டி அங்கு நுழைய முடியாது. கழுதைகளும் கோவேறு கழுதைகளுமே பாரம் சுமக்கின்றன. நம்மவர் துருக்கித் தொப்பி என வழங்கிய சிவப்புத் தொப்பிக்கு ஐரோப்பிய மொழிகளில் பெயர் கொடுத்த நகரமும் இதுவே.

வழிகாட்டியின் பகல் பெரும்பாலும் ஓரிடத்திலேயே தொடங்குகிறது. அது மேற்கே உள்ள பாப் பூ ஜலூத் என்னும் வாயில். வெளிமுகத்தில் நீல ஓடுகளும் உள்முகத்தில் பச்சை ஓடுகளும் பதித்த அழகிய வாயில் அது. அதன் வளைவினூடே தூரத்துப் பள்ளிவாசல் ஸ்தூபி, சட்டமிட்ட படம் போலத் தெரியும். நிழற்படம் எடுத்துக்கொள்ளும் பிரயாணி, ஆயிரம் ஆண்டுப் பழமையின் வாசலில் நிற்பதாகவே எண்ணுகிறான். ஆனால் அந்த வாயில் கட்டப்பட்டது 1913ஆம் ஆண்டில். கட்டுவித்தவர்கள் பிரெஞ்சு ஆட்சியாளர். எதிரி நேரே பாய்ந்துவிடாதபடி வழியை வளைத்துக் கட்டிய பழைய சிறு வாயில், பக்கத்திலேயே பார்ப்பாரின்றி ஒதுங்கி நிற்கிறது.

நாட்டைப் பிடித்தவன் அந்த நாட்டின் பழமைக்கு ஏன் ஓர் அலங்கார வாயில் அமைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு உள்ளே செல்வோமாயின், வழிகாட்டி காட்டும் ஒவ்வொரு கல்லும் வேறொரு கதையையும் சொல்லத் தொடங்கும்.

இந்நகரம் அகதிகளால் வளர்ந்த நகரம். 789இல் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் ஒரு கரையில் ஊரமைத்தான். அவன் மகன் இரண்டாம் இத்ரீஸ் 809 அளவில் மறுகரையில் இன்னோர் ஊரமைத்தான். 818இல் ஸ்பெயினின் கோர்டோவா நகரிற் கிளர்ச்சி செய்து துரத்தப்பட்ட மக்கள் ஒரு கரையிற் குடியேறினர். துனீசியாவின் கைரவான் நகரிலிருந்து வந்தவர்கள் மறுகரையிற் குடியேறினர். ஸ்பெயின் தேசத்துத் தோல் வேலையும் கட்டிடக் கலையும் இவ்வாறு நாடிழந்தவர்களின் கைகளோடு வந்து சேர்ந்தவை. பதினோராம் நூற்றாண்டில் அல்மொராவிதுகள் இரு ஊர்களையும் ஒரே மதிலுக்குள் இணைத்தனர். மன்னர் பெயர்களை ஒப்புவிக்கும் சரித்திர நூல்கள், ஊரை உண்டாக்கிய இந்தக் கைகளைப் பற்றி ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்கின்றன.

வாயிலைக் கடந்து சற்றுத் தூரம் இறங்கினால் பூ இனானிய்யா மத்ரசாவைக் காணலாம். மரீனிய சுல்தான் அபூ இனான் 1350க்கும் 1355க்கும் இடையிற் கட்டுவித்த கல்விக்கூடம் அது. செதுக்கிய தேவதாரு மரமும், சாந்திற் பூத்த பூவேலையும், வெட்டி ஒட்டிய ஓடுகளும் கண்ணைப் பறிப்பன. அதே ஆண்டுகளில் அதே சுல்தானின் ஆணைப்படி இதே நகரில் மற்றொரு பணியும் நடந்தது. உலகெலாம் சுற்றி வந்த இபின் பதூதா தன் பயணக் கதையைச் சொல்ல, இபின் ஜுஸைய் என்னும் எழுத்தாளர் அதனை எழுதி 1355இல் முடித்தார். இலங்கை வாசகருக்கு அந்நூல் அந்நியமானதன்று. 1344இல் நம் தீவின் மேற்குக் கரையில் இறங்கிய இபின் பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதும், அம்மன்னன் பாரசீக மொழி அறிந்தவனாயிருந்ததும், முத்துக்களைப் பரிசளித்ததும், பல்லக்கும் ஆட்களும் கொடுத்துச் சிவனொளிபாதமலைக்கு அனுப்பிவைத்ததும் அந்நூலிலேயே பதிவாகியுள்ளன. யாழ்ப்பாண அரசின் சரித்திரத்தை ஆராய்பவன், ஃபெஸ் நகரில் மையூறிய ஓர் ஏட்டைப் புரட்டாமல் இருக்க முடியாது.

நகரின் நடுவே கரவிய்யீன் பள்ளிவாசல் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதார் வாயிலில் நின்றே உள்ளே நோக்கலாம். 859இல் பாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி தம் பிதுரார்ஜிதச் சொத்தைக் கொடுத்து இதனைக் கட்டுவித்தார் என்பதும், இதுவே உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்பதும் வழிகாட்டி பெருமையோடு சொல்லும் செய்திகள். பாத்திமாவின் வரலாறு, அவருக்கு நாலரை நூற்றாண்டுகளின் பின் எழுதப்பட்ட நூலொன்றிலேதான் முதன்முதலாகக் காணப்படுகிறது. ஆனால் ஐயமின்றித் தெரிந்த ஒன்றை வழிகாட்டிகள் சொல்வது அரிது. ஒரு பெண் நிறுவியதாகப் போற்றப்படும் அந்தக் கலாசாலையின் கதவுகள், 1940களிலேதான் பெண் கல்விக்குத் திறந்தன. அதற்காக வாதாடியவர்களுள் முதன்மையானவர், இந்நகரத்திற் பிறந்த மலிகா அல் ஃபாஸி. 1944 ஜனவரி 11இல் வெளியான சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட ஒரே பெண்மணியும் அவரே.

இனி அந்த 1913க்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மொரோக்கோவை முதலில் வென்றது பீரங்கியன்று, கடன். 1904இல் பாரிஸ் வங்கிகள் ஆறேகால் கோடி பிராங்கு கடன் கொடுத்து, துறைமுகச் சுங்க வருமானத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை ஈடாகப் பிடித்துக்கொண்டன. வரிச்சுமை ஏறியது, கோத்திரத்தார் கிளர்ந்தெழுந்து ஃபெஸ் நகரை முற்றுகையிட்டனர். சுல்தானைக் காப்பதாகச் சொல்லிப் பிரெஞ்சுப் படை 1911 மே மாதத்தில் நகருள் நுழைந்தது. 1912 மார்ச் 30இல் சுல்தான் அப்துல் ஹஃபீஸ், 'பாதுகாப்பு' என்ற பெயரால் நாட்டைப் பிரான்சிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டான். அதன் பெயரே ஃபெஸ் உடன்படிக்கை.

பதினெட்டு நாட்களே கழிந்தன. ஏப்ரில் 17ஆம் நாள், சுல்தானின் படையிலிருந்த மொரோக்கச் சிப்பாய்களுக்குப் பிரெஞ்சு அதிகாரிகள் புதிய விதிகளை அறிவித்தனர். உணவுக்காகச் சம்பளத்தின் ஒரு பகுதி வெட்டப்படும். சாமான் மூட்டையையும் முதுகிற் சுமக்க வேண்டும். நாட்டை விற்ற செய்தியால் ஏற்கெனவே கொதித்திருந்தவர்கள் ஆயுதத்தைத் திருப்பினர். நகர மக்களும் சேர்ந்தனர். மூன்று நாட் கலகத்தைப் பீரங்கிக் குண்டு பொழிந்து அடக்கினர். ஏறத்தாழ 600 மொரோக்க முஸ்லிம்களும், 66 ஐரோப்பியரும், 42 யூதரும் மாண்டனர் என்பது கணக்கு.

இந்தக் கலகத்தில் ஒரு கறையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1438 முதல் அரண்மனை அருகே யூதர்கள் வாழ்ந்துவந்த மெல்லா என்னும் பகுதி சூறையாடப்பட்டது. வீடிழந்த யூதக் குடும்பங்கள் சுல்தானின் அரண்மனை வளவில், மிருகசாலைக் கூடுகளிற்கூடப் படுத்துறங்கின. அந்நியன் மேல் எழுந்த கோபம், அருகிலிருந்த ஏழை அயலவன் மேற் பாய்ந்தது. இன்று மெல்லாவின் மர மாடங்களைக் காட்டி, 'யூதர் வாழ்ந்த இடம்' என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்.

இந்த இரத்தம் காயுமுன்னர் அதே ஏப்ரிலில் மொரோக்கோவின் ஆளுநராக நியமிக்கப்பட்டவர் லியோத்தே. அவர் தலைநகரை ஃபெஸிலிருந்து ரபாத்துக்கு மாற்றினார். பழைய நகரை இடிக்காமல் அப்படியே காக்க வேண்டுமென விதித்தார். மதிலுக்கு வெளியே ஐரோப்பியருக்கெனப் புதிய நகரம் எழுப்பினார். அகன்ற வீதியும் மரநிழலும் நவீன வசதிகளும் அங்கே போயின. பழைய நகருக்குக் கிடைத்தது பழமை. மேலும் கிடைத்தது 1913இன் நீல வாயில். இடிக்காமல் விட்டமைக்காக லியோத்தேயைப் புகழ்வோர் பலர். அல்ஜீரியாவிற் பழைய நகர்களை இடித்தவர்களோடு ஒப்பிட்டால் அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் காக்கப்பட்டவை சுவர்களும் வளைவுகளுமே. அவற்றுள் வாழ்ந்தவர்களின் தொழிலை எவரும் காக்கவில்லை. 1906ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி மொரோக்கோச் சந்தை எல்லா நாடுகளுக்கும் திறந்திருந்தது. ஐரோப்பிய ஆலைப் பொருட்களும், 1930களில் ஜப்பானிய மலிவுச் சரக்குகளும் வந்து குவிய, நெசவாளனும் செருப்புத் தைப்பவனும் வேலையிழந்து நின்றனர். அழகு குலையாத தெருவில் அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன.

அத்தெருக்கள் சும்மா கிடக்கவுமில்லை. பெர்பர் மக்களை இஸ்லாமியச் சட்டத்திலிருந்து பிரித்துப் பிரெஞ்சு நீதிமன்றத்தின் கீழ்க் கொணரும் ஆணை 1930 மே 16இல் வெளிவந்தபோது, கரவிய்யீன் தொழுகையே எதிர்ப்புக் கூட்டமாக மாறியது. இளைஞர்கள் சிறை சென்றனர், சவுக்கடி பட்டனர். அங்கே பயின்ற அல்லால் அல் ஃபாஸி, 1937 முதல் 1946 வரை காபோன் நாட்டிற் சிறைவாசம் அனுபவித்தார். 1944இல் தலைவர்கள் கைதானபோது ஃபெஸ் மக்கள் மீண்டும் எழுந்தனர். மீண்டும் படை வந்தது. உடன்படிக்கையைக் கிழிக்க இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 1956 மார்ச் 2இல் மொரோக்கோ சுதந்திரம் பெற்றது.

நண்பகலில் வழிகாட்டி பிரயாணியைச் சுவாரா என்னும் தோல் பதனிடும் களத்துக்கு அழைத்துச் செல்கிறார். அதைக் கீழிருந்து பார்ப்பதில்லை. தோற்கடையின் மேல்மாடத்திலிருந்து பார்ப்பார்கள். மாடமேறுமுன் ஒரு பிடி புதினாத் தழை கையிற் கொடுக்கப்படும், நாற்றம் தாங்காதபோது முகர்ந்துகொள்வதற்காக. கீழே தேன்கூடு போன்ற கற்றொட்டிகள். சிலவற்றிற் சுண்ணாம்பு நீரும் புறா எச்சமும். சிலவற்றிற் செம்மை, மஞ்சள், பழுப்புச் சாயங்கள். தொடையளவு நீரில் நின்று மனிதர்கள் தோலை மிதிக்கிறார்கள். நூற்றாண்டுகளாக மாறாத தொழில்முறை என்று விளக்கம் சொல்லப்படுகிறது. மாறாதது யாருக்கு நன்மை? நாள் முழுதும் அதில் நிற்பவனின் தோலும் மூட்டும் அவ்வியப்பிற் பங்குகொள்வதில்லை. அவனுக்குப் புதினாத் தழையும் இல்லை.

சுதந்திரத்தின்பின் செல்வக் குடும்பங்கள் காசாபிளாங்காவுக்கும் ரபாத்துக்கும் பெயர்ந்தன. வரண்ட கிராமங்களிலிருந்து வந்த ஏழைகள் பழைய மாளிகைகளில் அறைக்கொரு குடும்பமாக நெருங்கிக் குடியிருந்தனர். 1981இல் யுனெஸ்கோ பழைய நகரை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. 1990 டிசெம்பர் 14இல் இரு தொழிற்சங்க சம்மேளனங்கள் விடுத்த பொது வேலைநிறுத்த அழைப்பின்போது, விலையேற்றத்தாலும் வேலையின்மையாலும் குமுறிய ஃபெஸ் இளைஞர்கள் தெருவில் இறங்கினர், இராணுவம் வந்தது, உயிர்கள் பலியாயின. உலகம் மரபுரிமை என்று போற்றிய நகரில் வாழ்ந்தவர்களுக்கு அடுத்த வேளை உணவே கேள்வியாயிருந்தது.

மாலையில் பிரயாணி வடக்குக் குன்றிலேறி நகர் முழுவதையும் பார்க்கிறான். அங்கே சாதிய சுல்தான் அஹ்மத் அல் மன்சூர் 1582இற் கட்டிய கோட்டை நிற்கிறது. அக்கோட்டையின் பீரங்கிகள் காத்தது நகரை மட்டுமன்று. நகர மக்களையும் அடக்கி வைக்கவே அது அங்கு எழுப்பப்பட்டது. சுல்தானும் ஏகாதிபத்தியமும் இந்நகர மக்களை நம்பவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வழிகாட்டியைக் குறை சொல்வதில் பயனில்லை. அவரும் தம் வீட்டு உலைக்காக நாள் முழுவதும் நடக்கும் ஓர் உழைப்பாளியே. வந்தவர் கேட்க விரும்புவதையே அவர் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைக்காரன் தரும் தரகும் சேர்ந்தே அவருடைய வருமானம். ஆகவே வேறு கேள்வி கேட்க வேண்டியவர்கள் பார்க்கச் செல்லும் நாமே. இதைக் கட்டிய மன்னன் யார் என்பதோடு நில்லாமல், கல் சுமந்தவன் யார், இதைக் காத்தவன் எதற்காகக் காத்தான், இதனுள் இன்று வாழ்பவன் என்ன உண்கிறான் என்றும் கேட்போம். அப்படிக் கேட்பவனுக்கு வழிகாட்டியும் வேறு கதை சொல்லக்கூடும். அது அவருடைய பாட்டனின் கதையாகவே இருக்கும்.