பாஸ் கிராசான் பேரி

பாஸ் கிராசான் என்பது பிரான்சில் தோன்றிய பழைய குளிர்காலப் பேரி வகைகளுள் ஒன்றாகும். ரூவான் நகரில் நாற்றுப்பண்ணை நடத்திய லூயி புவாபுனெல் என்பவர் இதனை விதையிலிருந்து உருவாக்கினார். 1845 இல் விதைக்கப்பட்ட இம்மரம் 1855 இல் முதன்முதலாகக் காய்த்தது. கிராசான் என்னும் முந்தைய வகையை விஞ்சியது என்பது இப்பெயரின் பொருள்.

பழத்தின் இயல்புகள்

பழம் பெரியது, ஏறத்தாழ உருண்டையானது. தடித்த, சொரசொரப்பான தோலில் பழுப்புப் புள்ளிகள் காணப்படும். வெண்ணிறச் சதை சாறு மிக்கது. இனிப்புடன் புளிப்பும், நடுப்பகுதியைச் சுற்றிச் சிறிது நறநறப்பும் உண்டு.

பழுத்தலும் சேமிப்பும்

அக்டோபரில் பறிக்கப்படும் காய் உடனே பழுப்பதில்லை. சுமார் மூன்று மாதங்கள் 0 பாகை செல்சியசை ஒட்டிய குளிரில் இருந்த பின்னரே, பழுப்பதற்கு வேண்டிய எத்திலீன் வளிமத்தைப் போதிய அளவில் உண்டாக்கும். ஆகவே இது குளிர்காலத்தின் பிற்பகுதிக்கு உரிய பழமாகும். நீரிழப்பைக் குறைப்பதற்காகக் காம்பின் நுனியைச் சிவப்பு மெழுகில் தோய்ப்பது வழக்கம்.

நோயும் தடையும்

எர்வினியா அமிலோவோரா என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் தீக்கருகல் நோய் இவ்வகையை எளிதில் தாக்கும். இம்மரம் வசந்தகாலப் பூப்புக்குப் பின்னர் மீண்டும் பூக்கும் இயல்புடையது. வெப்பம் மிகுந்த நாட்களில் மலரும் அப்பூக்கள் வழியே கிருமி மரத்தினுள் நுழைகிறது. அங்கிருந்து அண்டைத் தோப்புகளுக்கும் பரவுகிறது. இதனால் பிரான்சில் இவ்வகையைப் புதிதாக நடுவதற்கு 1994 இல் தடை விதிக்கப்பட்டது.