இணைப்பு வினவலின் தாமதம்: ஒரு வரலாற்று நோக்கு

தொடர்புசார் தரவுத்தளங்களில் இரண்டு அல்லது பல அட்டவணைகளை இணைத்து விடை காணும் வினவல் சிலவேளைகளில் மிகவும் தாமதமாவதுண்டு. இது வெறுந் தொழினுட்பக் குறைபாடாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும், உழைப்புப் பிரிவினையில் ஏற்பட்டவொரு மாற்றத்தின் விளைவாக இதனை நோக்குவதே பொருத்தமாகும்.

1960களின் தரவுத்தளங்களில், ஒரு பதிவிலிருந்து மற்றொரு பதிவுக்குச் செல்லும் பாதையைச் செய்நிரலாளரே வகுக்க வேண்டியிருந்தது. 1973இல் ரியூறிங் விருதுப் பேருரை நிகழ்த்திய சாள்ஸ் பக்மன், செய்நிரலாளரைத் திசையறிந்து கலஞ் செலுத்தும் மாலுமியாகக் கண்டமை இந்நிலையையே சுட்டுகின்றது. ஆனால், 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் கொட் வெளியிட்ட கட்டுரை இதற்கு மாறான நிலைப்பாட்டை முன்வைத்திருந்தது. இயந்திரத்தினுள் தரவு எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதைப் பயனர் அறியவேண்டிய தேவை இருத்தலாகாது என்பதே அதன் அடிநாதம்.

ஆயின், பாதை காணும் உழைப்பு மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. 1979இல் பற்றீசியா செலிஞ்சரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, சாத்தியமான பாதைகளின் செலவை மதிப்பிட்டு மலிவானதை இயந்திரமே தெரிவுசெய்யும் முறையை விளக்கியது. இத்தெரிவின் முக்கியத்துவத்தை எளிய கணக்கொன்று புலப்படுத்தும். 1,000 நிரைகளும் 10,000 நிரைகளும் கொண்ட இரு அட்டவணைகளை நிரைக்கு நிரை ஒப்பிடின் ஒரு கோடி ஒப்பீடுகள் வேண்டும். பெரிய அட்டவணைக்கு, நூலின் சொல்லடைவை ஒத்த சுட்டியொன்று இருப்பின் 1,000 தேடல்களே போதும்.

செலவு மதிப்பீடோ, எத்தனை நிரைகள் பொருந்தும் என்னும் ஊகத்தில் தங்கியுள்ளது. வெவ்வேறு நிபந்தனைகள் ஒன்றையொன்று சாராதன என அக்கட்டுரை கொண்டது. சமூக யதார்த்தம் அவ்வாறன்று. ஊரும் தொழிலும், கல்வியும் வருமானமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இணைப்புகள் கூடக்கூட இத்தகைய பிழை மடங்கு மடங்காகப் பெருகக்கூடுமென 1991இல் இயோனிடிஸ், கிறிஸ்ரொடுலாக்கிஸ் ஆகியோர் காட்டினர். 2015இல் விக்ரர் லைஸ் குழுவினர் திரைப்படத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வும், மோசமான திட்டங்களுக்குப் பெரும்பாலும் மதிப்பீட்டுப் பிழையே காரணமெனக் கண்டது.

ஆகவே, தாமதத்தை ஆராய்வோர் இயந்திர வலுவைக் கூட்ட முனையுமுன், மதிப்பிட்ட நிரைத்தொகையை உண்மைத் தொகையுடன் ஒப்பிடல் வேண்டும். இரண்டும் பெரிதும் வேறுபடத் தொடங்கும் இடத்திலேயே கோளாற்றை முதலில் தேடவேண்டும். பழைய புள்ளிவிபரங்களைப் புதுப்பித்தலும், இணைக்கும் நிரலுக்குச் சுட்டி அமைத்தலும் அதன் பின்னரே எழும் பணிகள். தீர்மானத்தை இயந்திரத்திடம் கையளிக்கலாம்; அதனை விசாரிக்கும் பொறுப்பைக் கையளித்தலாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.