சித்திரைப் பெருவிழாவும் மதுரை மாநகரும்

உழவுத் தொழிலை அடியாகக் கொண்ட தமிழர் வாழ்வில் வேனிற்காலம் ஓய்வின் காலமாகும். தை மாசித் திங்கள்களிற் கதிர் அறுத்துக் களஞ்சியஞ் சேர்த்தபின், அடுத்த உழவிற்கு ஏர் பூட்டும்வரை நிலமும் ஓய்ந்திருக்கும், உழவனும் ஓய்ந்திருப்பான். வீட்டில் நெல்லும் கையிற் சிறிது பொருளும் உள்ள அந்நாட்களிலேயே பண்டை நகரங்கள் தம் பெருவிழாக்களை எடுத்தன. காவிரிப்பூம்பட்டினத்து இந்திரவிழா சித்திரை முழுமதி நாளை ஒட்டி நிகழ்ந்ததெனச் சிலப்பதிகாரம் கூறும். அவ்விழா இருபத்தெட்டு நாட்கள் நிகழ்வதென்றும், அகத்தியர் சொற்படி தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் அதனைத் தொடங்கினானென்றும், பின்வந்த சோழன் ஒருவன் மகனை இழந்த துயரால் அதனை மறக்கப் பட்டினத்தைக் கடல் கொண்டதென்றும் மணிமேகலை உரைக்கும். விழா நின்றால் நகர் நில்லாது என்ற பழந்தமிழ் நம்பிக்கையை இக்கதை காட்டுகின்றது.

புகாரின் விழா கடலோடு மறைந்தது. ஆயின் அதே சித்திரை முழுமதி நாளில், தமிழகத்து மற்றொரு பழம்பெரும் தலைநகரில், இன்றும் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். மதுரைச் சித்திரைப் பெருவிழாவே அது. இதனை ஒரு விழா என்று வழங்குவது உலக வழக்கு. வரலாற்று நோக்கில் இஃது ஒன்றல்ல, இரண்டு. இரு கோயில்களுக்குரிய, இரு சமயநெறிகளுக்குரிய, இருவேறு காலக் கணக்கிற்குரிய விழாக்கள் ஒரு காலத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. அவை இணைந்தன, ஆயினும் ஒன்றிற்கலந்துவிடவில்லை. இவ்விழாவின் சிறப்பும் உயிரும் இதிலேயே அடங்கியுள்ளன.

நகரும் ஆறும் மலையும் ஒன்றோடொன்று தொடர்புற்றமை மதுரைக்குப் புதிதன்று. வையையிற் புதுப்புனல் வந்தபோது நகர மாந்தர் ஆடவரும் பெண்டிரும் சிறாருமாய்த் திரண்டு சென்று நீராடிய காட்சியைப் பரிபாடல் விரித்துக் கூறும். பரங்குன்றிற்குச் செல்லும் வழியெங்கும் மக்கள் நிறைந்திருந்தமையையும், மாலிருங்குன்றத்துத் திருமாலின் பெருமையையும் அந்நூலிற் காணலாம். அன்று நகரத்தார் மலையையும் ஆற்றையும் நாடிச் சென்றனர். பிற்காலத்திலோ மலைமேல் நின்ற தெய்வமே ஆற்றை நாடி நகரின் விளிம்புவரை வரலாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதே ஆராயத்தக்கது.

மீனாட்சியம்மையின் திருக்கல்யாணமும் தேரோட்டமும் முற்காலத்தில் மாசித் திங்களில் நிகழ்ந்தன என்பது மரபு. இதற்கு நகரின் அமைப்பே சான்று பகரும். மதுரைத் தெருக்கள் கோயிலைச் சூழ்ந்து சதுரஞ் சதுரமாக அமைந்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எனத் திங்கட்பெயர் பெற்றுள்ளன. எத்திங்களில் எவ்வீதியில் இறைவன் உலா வந்தானோ அத்திங்களின் பெயர் அவ்வீதிக்கு நிலைத்தது எனலாம். ஆயின் இன்று சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியிலன்று, மாசி வீதிகளிலேயாம். திங்கள் மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை. அரசாணையினும் தெருப்பெயர் நீண்டகாலம் வாழும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அழகர் விழாவின் முன்னைய நிலைக்கும் இத்தகைய சான்று உண்டு. மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள அழகர்மலையிலிருந்து புறப்பட்ட பெருமாள், முன்னர் மதுரைக்கு வருவதில்லை. நகருக்கு மேற்கே, சோழவந்தான் பக்கத்து வையைக் கரையிலுள்ள தேனூரிலேயே ஆற்றில் இறங்கினார். இன்று அவர் மதுரையில் இறங்கி வண்டியூர் சென்ற பின்னர், மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் அளிப்பது ஆற்றினுள் அமைந்த ஒரு மண்டபத்திலாகும். அம்மண்டபத்தின் பெயர் தேனூர் மண்டபம். விழா இடம் பெயர்ந்தபோது பழைய ஊரின் பெயரையும் தன்னுடன் கொண்டுவந்தது.

இவ்விரு மாற்றங்களையும் செய்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரை மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. 1623 முதல் 1659 வரை ஆண்ட இம்மன்னர், திருச்சிராப்பள்ளியிலிருந்த தலைநகரை மீண்டும் மதுரைக்கு மாற்றியவர். அரண்மனையும் வண்டியூர்த் தெப்பக்குளமும் புதுமண்டபமும் எடுத்தவர். அம்மைக்கும் அப்பனுக்கும் பெருந்தேர்கள் செய்வித்தபோது, அவற்றை இழுக்க ஆயிரக்கணக்கான தோள்கள் வேண்டப்பட்டன. மாசியோ அறுவடைக்காலம், நாட்டுப்புறத்தார் வயலை விட்டு வருதல் அரிது. சித்திரையில் அவர்கள் ஓய்ந்திருப்பர். அழகரைக் காணவும் அவர்கள் ஆற்றங்கரைக்கு வருவர். ஆகவே அம்மையின் விழாவைச் சித்திரைக்கும், அழகர் ஆற்றிலிறங்கும் துறையை மதுரைக்கும் மாற்றி இரண்டையும் அடுத்தடுத்து அமைத்தார் என்பர். சைவ வைணவ ஒற்றுமையை நாடினார் என்பது ஒரு கருத்து. தலைநகருக்கு மக்களும் வாணிகமும் பெருக வேண்டுமென்று கருதினார் என்பது மற்றொன்று. நகரைச் சூழ்ந்த கள்ளர் நாடுகளை அரசோடு பிணைக்க முயன்றார் என்பாரும் உளர். அரசியல் அறிந்த மன்னனுக்கு இம்மூன்றும் ஒருங்கே நோக்கமாயிருத்தல் கூடும்.

மன்னன் விழாக்களை அருகருகே வைத்தான். அவற்றைப் பிணைத்தவர்களோ மக்கள். தங்கை மீனாட்சியின் திருமணத்திற்குச் சீர்வரிசையுடன் அண்ணன் அழகர் மலையிலிருந்து புறப்படுகிறார். வழியெங்கும் அன்பர் நிறுத்தி உபசரிக்கக் காலம் தாழ்கின்றது. ஆற்றை அடையும்போது திருமணம் முடிந்துவிட்டதென்ற செய்தி வருகின்றது. சினங்கொண்ட அண்ணன் நகருக்குள் புகாமல், ஆற்றோடு வண்டியூர் நோக்கித் திரும்பிவிடுகிறார். மதுரை வட்டாரத்தில் இக்கதை அறியாத குழந்தை இல்லை எனலாம்.

இக்கதையைக் கோயில் மரபு ஏற்பதில்லை. திருக்கல்யாணத்தின்போது மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து எழுந்தருளும் பவளக்கனிவாய்ப் பெருமாள். அவருடன் முருகப்பெருமானும் வருகின்றார். அழகர் வருவதோ தவளையாகச் சாபமுற்ற மண்டூக முனிவரை உய்விப்பதற்கு. நாட்கணக்கும் இதனையே உணர்த்தும். திருக்கல்யாணம் விண்மீனை ஒட்டியும், ஆற்றிலிறங்குதல் முழுமதியை ஒட்டியும் அமைதலின், இடைவெளி ஆண்டுதோறும் ஒன்றாயிருப்பதில்லை. 2024ஆம் ஆண்டில் ஏப்பிரல் 21ஆந் தேதி திருமணமும் 23ஆந் தேதி ஆற்றிலிறங்குதலும் நிகழ்ந்தன. 2025இல் மே 8ஆந் தேதி திருமணமும் 12ஆந் தேதி ஆற்றிலிறங்குதலும் நிகழ்ந்தன. ஓராண்டில் இரண்டு நாட்களும் மற்றோராண்டில் நான்கு நாட்களும் அண்ணன் பிந்துகிறார்.

இதனால் மக்கள் கதை பொய் என்று தள்ளிவிடுதல் தகாது. இரு விழாக்களும் வேறுவேறானவை, ஒன்று மற்றொன்றின் பொருட்டு எழுந்ததன்று என்ற வரலாற்று உண்மையைப் பாமரர் கதை வடிவில் காத்து வந்துள்ளனர். அண்ணன் பிந்தி வருவதும், கோபித்துக்கொண்டு நகருக்குள் புகாதிருப்பதும், இணைப்பு முழுமையுறவில்லை என்பதன் குறிப்பேயாம். உறவினரிடையே உள்ள ஊடலாக அதனை அமைத்தமையால், சமயப் பிணக்கிற்கு அங்கே இடமில்லாது போயிற்று. கோபித்துக்கொள்ளும் அண்ணன் உறவை அறுத்துக்கொண்டவன் அல்லன். அடுத்த ஆண்டும் அவன் சீர்வரிசையுடன் வருவான். அழகர் கோயிலுக்கும் சுற்றுப்புறச் சமுதாயங்களுக்கும் உள்ள தொடர்பைக் களஆய்வின் வழி விரிவாக ஆராய்ந்தவர் அறிஞர் தொ. பரமசிவன். 1989இல் வெளிவந்த அவரது 'அழகர் கோயில்' இத்துறையில் வழிகாட்டும் நூலாகும்.

விழாவின் இரு பகுதிகளும் தன்மையால் வேறுபட்டவை. அம்மையின் விழா நகரத்தார் விழா. கொடியேற்றம் முதல் பட்டாபிடேகம், திக்குவிசயம், திருக்கல்யாணம், தேரோட்டம் என முறைப்படி அது நிகழும். திருமண வேளையில் மதுரைப் பெண்டிர் தத்தம் தாலிச்சரட்டைப் புதிதாக மாற்றிக்கொள்வர். விருந்து உண்டவர், சுற்றத்தார் வீட்டுத் திருமணத்திற் செய்வதுபோல, மொய் எழுதிச் செல்வர். அரசியும் தெய்வமுமாகிய அம்மை அன்று ஊரார் அனைவருக்கும் வீட்டு மகளாகிவிடுகிறாள்.

அழகர் விழாவோ நாட்டார் விழா. பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்று, கள்ளர் கோலத்திற் கொண்டையும் கடுக்கனும் வளைதடியும் பூண்டு பெருமாள் புறப்படுகிறார். வழிநெடுக நானூறுக்கு மேற்பட்ட மண்டகப்படிகளில் தங்கித் தங்கி வருகிறார். நகர எல்லையில் மக்கள் எதிர்கொண்டழைப்பது எதிர்சேவை. தல்லாகுளத்தில், திருவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை ஏற்று, விடியற்பொழுதில் தங்கக்குதிரை மீது ஆற்றிலிறங்குகிறார். அவர் உடுத்தி வரும் பட்டின் நிறத்தை உழவர் கூர்ந்து நோக்குவர். பச்சையாயின் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. பின்னர் வண்டியூர் சென்று, தேனூர் மண்டபத்தில் முனிவருக்கு அருள்புரிந்து, இராமராயர் மண்டபத்தில் இரவெல்லாம் தசாவதாரக் கோலங்காட்டி, பூப்பல்லக்கில் மலைக்குத் திரும்புகிறார்.

கோடை வெம்மையைத் தணிக்கும் வழிகளும் இவ்விழாவில் வழிபாடாகவே அமைந்துள்ளன. வேண்டுதல் உடையோர் தோற்பையில் நீர் நிரப்பித் துருத்தியால் அழகர்மீதும் கூட்டத்தின்மீதும் பீய்ச்சுவர். தெருத்தோறும் தண்ணீர்ப்பந்தர் அமைத்து நீர்மோரும் பானகமும் வழங்குவர். பனையோலை விசிறி கொடுப்போரும் உளர். புதுமண்டபமே வேனில் விழாவிற்கென எடுக்கப்பட்ட வசந்த மண்டபமாகும். ஏறத்தாழ 330 அடி நீளமும் 105 அடி அகலமும் 124 தூண்களும் உடைய அம்மண்டபத்தைச் சூழ நீர் தேக்கிக் குளிர்ச்சி உண்டாக்கினர். சித்திரையில் வையை பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். 1959இல் வையை அணை திறக்கப்பட்ட பின்னர், விழாவிற்கென அணையிலிருந்து நீர் விடுதல் வழக்கமாயிற்று. நீரில்லா ஆண்டுகளில் ஆற்று மணலிலே தொட்டி அமைத்து நீர் நிரப்பியதும் உண்டு.

பொழுதுபோக்கும் வாணிகமும் விழாவை அடுத்தே வளர்ந்தன. ஆற்று மணலிற் கூடாரமடித்துத் தங்கிய நாட்டுப்புறத்தார்க்குக் கரகாட்டமும் அழகர் வர்ணிப்புப் பாட்டும் இரவைப் பகலாக்கின. உழவர் கூடுமிடத்திற் கால்நடைச் சந்தையும் கூடிற்று. மாட்டுத்தாவணி என்ற பெயர் மதுரையில் மாட்டுச் சந்தையை இன்றும் நினைவூட்டுகின்றது. அவ்விடம் இன்று பேருந்து நிலையமாக உள்ளது. இராணி மங்கம்மாளின் கோடை மாளிகை எனப்படும் தமுக்கம் அரண்மனை 1959இல் காந்தி நினைவு அருங்காட்சியகமாயிற்று. அதனை அடுத்த தமுக்கம் திடலிற் சித்திரைப் பொருட்காட்சி பல்லாண்டுகளாக நடந்து வந்துள்ளது. பகலில் இறைவனைத் தரிசித்தவர் மாலையில் இராட்டினம் ஏறி மகிழ்ந்து ஊர் திரும்புவர்.

இவ்விழாவின் வரலாற்றில் மறைக்கலாகாத ஒரு பக்கமும் உண்டு. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆந் தேதி அ. வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானோரை அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் செய்யும்வரை, தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டோர்க்கும் நாடார் சமூகத்தார்க்கும் மீனாட்சி கோயிலின் வாயில் அடைபட்டிருந்தது. அம்மையின் திருமணம் நிகழ்ந்த மதிலுக்கு வெளியே அவர்கள் நின்றனர். தேர் வீதிக்கு வந்தபோதே அவர்கள் அம்மையைக் கண்டனர். ஆயின் ஆற்று மணலுக்கு மதில் இல்லை, வாயிலும் இல்லை. நகருக்குள் புகாத தெய்வத்தை, கோயிலுக்குள் புகவிடப்படாத மக்கள், தமக்குரிய தெய்வமாகக் கண்டிருப்பின் அதில் வியப்பில்லை. இருவரும் வெளியே நின்றவர்களல்லரோ! மன்னன் எண்ணிய ஒற்றுமை மதிலுக்குள் நிகழ்வதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சென்றன.

2020, 2021ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றுக் காரணமாக விழா கோயில்களுக்குள்ளேயே நிகழ்ந்தது. திருமணச் சடங்கு குறைவின்றி நடந்தது. எனினும் தேர் வீதி வரவில்லை. அழகர் ஆற்றிற்கு வரவில்லை. சடங்கு வேறு, விழா வேறு என்பதை அவ்விரு ஆண்டுகளும் மதுரைக்கு உணர்த்தின. 2022இல் அழகர் மீண்டும் ஆற்றிலிறங்கிய நாளில் அளவிறந்த கூட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தமை, பெருந்திரளை அழைக்கும் நகருக்கு அத்திரளைக் காக்கும் கடமையும் உண்டு என்பதை நினைவுறுத்தியது.

இந்திரவிழாவை மறந்தமையாற் புகார் அழிந்ததென்று புலவர் பாடினார். வரலாற்றாசிரியன் அதனை அவ்வாறே கொள்ளான். எனினும் நகரமும் நாட்டுப்புறமும் ஆண்டுக்கொருமுறையேனும் ஒன்றையொன்று முகங்கண்டு மகிழாத நாட்டில் இரண்டும் வலியிழக்கும் என்பதை அவனும் ஒப்புவான். வேற்றுமையை அழித்து ஒற்றுமை காண முயன்றோர் வரலாற்றிற் பலர். வேற்றுமையை அவ்வாறே இருக்கவிட்டு, அதற்கு அண்ணன் தங்கை என்று உறவுமுறை கற்பித்தவர்கள் மதுரைப் பாமர மக்கள். அண்ணன் ஒவ்வோராண்டும் பிந்தியே வருகிறார், ஆயினும் வருகிறார்.