கன்னிக்குட்டியா? 56 நாள் ஆகட்டும்... அப்புறம் கொடுங்க!

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ. சாக்கு மேல ஆறேழு குட்டிங்க சுருண்டு கிடக்கு. கீழே, 'ஒரிஜினல் கன்னி, 30 நாள் குட்டி, வேணும்கிறவங்க மெசேஜ் பண்ணுங்க'. கோவில்பட்டி, சாத்தூர், சங்கரன்கோவில் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது பழகிப்போன காட்சிதான். அடுத்த ரெண்டு நாளில் எல்லாக் குட்டியும் போயிடும். ஆறு மாசம் கழிச்சு அதில் ஒண்ணு ரெண்டு பைபாஸ் ஓரத்தில் எலும்பும் தோலுமா நிக்கும்.

உங்க வீட்டு நாய் குட்டி போட்டிருக்கா? அந்தக் குட்டிங்களோட மொத்த வாழ்க்கையும் முதல் 56 நாளில் நீங்க செய்றதையும், 57-வது நாள் யார் கையில் கொடுக்கிறீங்கங்கிறதையும் பொறுத்துதான் இருக்கு.

கரிசல்காட்டு ஓட்டக்காரங்க

விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற சிப்பிப்பாறை கிராமத்தின் பெயர்தான் அந்த நாய்க்கும். கறுப்பு உடம்பு, முகத்திலும் காலிலும் செம்பழுப்பு இருந்தால் கன்னி என்பார்கள். ரெண்டுமே ஒல்லி உடம்பு, ஆழமான நெஞ்சு, நீளக் கால் கொண்ட, பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டை நாய்கள். 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமரின் 'மன் கீ பாத்' உரையில் ராஜபாளையம், கோம்பையோடு சேர்த்து இந்தப் பெயர்களும் வந்த பிறகு வெளியூரிலும் நாட்டு நாய்களுக்குக் கிராக்கி கூடிடுச்சு.

ஆனா முயல் வேட்டை என்பது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேட்டை போச்சு, ஓடுற ரத்தம் மட்டும் அப்படியே இருக்கு. ஓடாத கன்னி, வீட்டில் சோபாவைத் தின்னும். வெளியே ஆட்டுக்குட்டியையும் கோழியையும் துரத்தும். வாங்குறவங்ககிட்ட இதை முதல்லயே சொல்லிடுங்க.

முதல் 3 வாரம்: சூடும் எடையும்

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது, உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளவும் தெரியாது. கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீர், மலமே போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் களியாகிக் குழையும்போது தரை ஈரம்தான் முதல் எதிரி. சிமென்ட் தரையில் நேரடியாப் போடாதீங்க. பலகை, அதன் மேல் காய்ந்த சாக்கு, அதன் மேல் பழைய பருத்தித் துணி. முதல் வாரம் பெட்டிக்குள் சுமார் 30 டிகிரி செல்சியஸ் சூடு வேணும். பல்பு தொங்கவிட்டா ஒரு மூலையில் மட்டும் தொங்கவிடுங்க. சூடு அதிகமானா குட்டிங்க நகர்ந்துபோக இடம் இருக்கணும். சித்திரை வெயில்னா தகரக் கொட்டகை வேண்டாம். வேப்ப மர நிழல் போதும்.

பிறந்த முதல் நாளே சீம்பால் குடிக்கணும். நோய் எதிர்ப்பு சக்தி அதில்தான் இருக்கு. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்க. பிறந்த எடை 7 முதல் 10 நாளுக்குள் இரண்டு மடங்காகணும். ஒரு குட்டிக்கு மட்டும் ஒரு நாள் எடை ஏறலைன்னா, அதை முன்னால விட்டுத் தாயிடம் பால் குடிக்க வைங்க. ரெண்டாவது நாளும் ஏறலைன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. தாய்க்குப் பால் இல்லையா? பசும்பால் கொடுத்தா வயித்தால போகும். நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர் வாங்குங்க. குட்டியை மல்லாக்கப் போட்டு ஊட்டாதீங்க, பால் நுரையீரலுக்குப் போயிடும்.

3 முதல் 8 வாரம்: பள்ளிக்கூடம்

நாலாவது வாரம் தட்டுச் சாப்பாட்டை ஆரம்பிக்கலாம். குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி, ஒரு நாளைக்கு நாலு வேளை. 'எங்க தாத்தா காலத்தில் கம்பங்கஞ்சிதான்'னு சொல்லலாம். வேகமாக வளரும் குட்டிக்குக் கஞ்சி மட்டும் பத்தாது. கால் வளைஞ்சு போகும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் விஷம். கோவில்பட்டி கடலைமிட்டாயும் நமக்குத்தான்!

மூணாவது வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரை குட்டியின் மூளை உலகத்தைப் பதிவு செய்கிற காலம். மிக்ஸி சத்தம், பைக் சத்தம், குழந்தைகள், தாடி வச்சவர், குடை பிடிச்சவர்னு எல்லாத்தையும் மெதுவா அறிமுகப்படுத்துங்க. பட்டாசு ஊர்கள் பக்கத்திலேயே இருக்கு, சத்தத்துக்குப் பழகாத நாய் ஒவ்வொரு தீபாவளிக்கும் கயிறறுத்து ஓடும்.

ராஜபாளையம் குட்டியா? வெள்ளை நிற நாய்களில் பிறவிக் காது கேளாமை வரும். ஐந்து வாரம் ஆனதும், ஒவ்வொரு குட்டியையும் தனியா வச்சு, பின்னால் நின்று கைதட்டிப் பாருங்க. திரும்பலைன்னா டாக்டரிடம் காட்டுங்க. வாங்குறவரிடம் மறைக்காதீங்க, அந்த நாயை இனப்பெருக்கத்துக்கும் விடாதீங்க.

ஊசியும் மருந்தும்

இந்த அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கலாம்.

* 2, 4, 6, 8-வது வாரம்: குடற்புழு மருந்து. அளவு எடையைப் பொறுத்தது, டாக்டரிடம் கேளுங்க. பிறகு 6 மாசம் வரை மாசம் ஒருமுறை.
* 6 முதல் 8 வாரம்: பார்வோ, டிஸ்டெம்பர் சேர்ந்த முதல் ஊசி. 3, 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை தொடரணும்.
* 12 வாரம்: வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு டாக்டர் சொல்ற தேதியில் பூஸ்டர்.

ஜூலை 6-ம் தேதி விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடப்பது வழக்கம். பெரிய சிகிச்சை தேவைன்னா திருநெல்வேலியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

வாந்தி, ரத்தம் கலந்த பேதின்னா பார்வோவா இருக்கலாம். ஒரு ராத்திரி காத்திருந்தாலே குட்டி போயிடும். இந்தக் கிருமி மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும்; ஊசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்காதீங்க, தூக்கிட்டுப் போய் வேடிக்கை காட்டுங்க. இன்னொண்ணு, ஊசி போடாத குட்டி கடிச்சாலோ கீறினாலோ 'சின்னக் குட்டிதானே'ன்னு விடாதீங்க. சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில் கழுவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஏன் 56 நாள்?

30 நாளில் பிரிச்ச குட்டிக்கு, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு தெரியாது. அதைக் கத்துக்கொடுக்கிறது தாயும் கூடப்பிறந்ததுங்களும்தான். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. விற்பனைக்காக வளர்ப்பவர் பதிவு செய்யணும். பெட்டை நாய்க்கு 18 மாசமாவது ஆகியிருக்கணும். வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது.

யாருக்குக் கொடுக்கலாம்?

'கன்னிக்குட்டியை விற்கிறதில்லை, வேண்டியவங்களுக்குத்தான் கொடுப்போம்'னு இந்தப் பக்கம் பெரியவங்க சொல்றதுண்டு. பெண்ணுக்குச் சீதனமாவே கொடுத்ததாகவும் சொல்வாங்க. நாய் போன வீடு தெரிஞ்ச வீடா இருந்துச்சு. திருவிழாவில் பார்த்தா 'குட்டி எப்படியிருக்கு?'ன்னு கேட்க முடிஞ்சுது. ஸ்டேட்டஸ் பார்த்து வர்றவர்கிட்ட அந்த உரிமையை நீங்களே கேட்டு வாங்கணும்.

* வீடு சொந்தமா, வாடகையா? வாடகைன்னா வீட்டுக்காரர் சம்மதம் இருக்கா?
* காலையும் மாலையும் யார் ஓட்டிட்டுப் போவாங்க? வேலி போட்ட இடம் இருக்கா?
* ஊருக்குப் போனா யார் பார்த்துப்பாங்க?
* வீட்டில் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா? அம்மாகிட்ட நேரில் பேசுங்க. கடைசியில் சோறு போடப்போறது அவங்கதான்.
* முன்னால் வளர்த்த நாய் என்ன ஆச்சு?

கடைசிக் கேள்விக்குத் தடுமாறினா, குட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். சென்னை அடுக்குமாடி வீட்டுக்காரர் தினமும் ஒரு மணி நேரம் ஓட வைப்பார்னா கொடுக்கலாம். ரெண்டு ஏக்கர் தோட்டத்தில் சங்கிலியில் கட்டிப்போடுறவருக்கு வேண்டாம்.

பஸ் பார்சலில் பெட்டி கட்டி அனுப்பாதீங்க. வேணும்கிறவர் நேரில் வந்து தாயையும் பார்த்துட்டு எடுத்துட்டுப் போகட்டும். போகும்போது ஊசி அட்டை, ஒரு வாரத்துக்கான அதே சாப்பாடு, தாயின் வாசனை இருக்கிற ஒரு துண்டுத் துணி கொடுத்தனுப்புங்க. முதல் மூணு ராத்திரி அழுகை இந்தத் துணியில் பாதியா குறையும். 'முடியலைன்னா தெருவில் விடாதீங்க, எங்கிட்டயே கொண்டு வாங்க'ன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுறது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்னும் அதில் ஒரு வரி சேருங்க.

பெட்டைக்குட்டிங்க மட்டும் மிச்சமா?

பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். 'பெட்டை வேண்டாம், வருஷா வருஷம் குட்டி போடும்'னு சொல்லி எல்லாரும் கடுவனையே கேட்பாங்க. மிஞ்சின பெட்டைங்களை ராத்திரியோட ராத்திரியா கண்மாய்க்கரையில் விட்டுட்டு வர்ற பழக்கம் இன்னும் இருக்கு. பதில் எளிமையானது. 'கருத்தடை ஆபரேஷனுக்கு நானே கூட வர்றேன், பாதிச் செலவு என்னது'ன்னு சொல்லிப் பாருங்க. வேண்டாம்னவங்களே யோசிப்பாங்க. ஆறு குட்டிக்கு வீடு தேட நீங்க பட்ட பாட்டை நினைச்சு, தாய்க்கும் பால் வற்றினதும் டாக்டரிடம் நாள் கேட்டு ஆபரேஷன் பண்ணிடுங்க. தெருநாய் குட்டி போட்டிருந்தாலும் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும்.

ஒரு மாசம் கழிச்சு, குட்டி போன ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன் பண்ணுங்க. 'ஒரு போட்டோ அனுப்புங்க'ன்னு கேளுங்க. உடனே வந்தா நிம்மதி. 'அப்புறம் அனுப்புறேன்'னு இழுத்தா, ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துட்டு நேர்லயே போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க.