பர்மாத் தேக்கு தெருவுக்கு வந்த கதை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குவாளி, பெல்ஜியம் கண்ணாடி, பெட்டகம், சாய்வு நாற்காலி, கதவு கழன்ற நிலை என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தென்காசி மாவட்டத்து ராயகிரியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறவர், தென்காசியில் தவணைக்குக் கட்டில் பார்க்குமுன், ராஜபாளையம், மதுரை வழியாக இங்கே ஒரு நடை வந்து போகலாம்.

1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபின் அங்கே நெல் சாகுபடி பெருகியது. சாகுபடிக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். ஊர் திரும்பிய வட்டிப் பணத்தோடு தேக்கும் கப்பலேறி வந்தது. முகப்புத் தூண், நிலை, உத்தரம் போக, கட்டிலும் பெட்டகமும் அதில்தான். பெண்ணுக்குக் கொடுத்த சீரை ஊர் பார்க்கப் பரப்பி வைப்பது வழக்கமாதலால், மட்டமான வேலைக்கு அங்கே இடமே இல்லை.

1930-களில் நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்ததில், 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்தது. சுதந்திர பர்மா நிலங்களை அரசுடைமையாக்கியது. பணம் நின்றது, வீடுகள் நின்றன. பங்காளிகளோ சென்னை, மலேசியா, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். ஓடு மாற்றக்கூட எல்லாரும் ஒப்ப வேண்டும் என்றால் எந்த வீடு தாங்கும்? பல வீடுகளை இடித்தார்கள்; மரம் கடைக்கு வந்தது.

வந்த மரம் இன்னும் உழைப்பதற்குத் தேக்கின் எண்ணெய்ப்பசை பாதிக் காரணம். மீதி ஆசாரியின் வேலை. சட்டத்தில் நாக்கு செதுக்கி, காலில் போட்ட துளைக்குள் இறக்கி, மர ஆணியால் பூட்டியிருப்பார். ஆணியைத் தட்டினால் கட்டில் கழன்று வரும். உளுத்த காலை மட்டும் மாற்றலாம். மாறாக, மரத்தூளைப் பசைபோட்டு அழுத்திய பலகையில் திருகு ஒருமுறை தளர்ந்தால் மறுபடி பிடிப்பது கஷ்டம். தண்ணீர் பட்டால் உப்பிப்போகும். பழுது பார்க்க முடியாத சாமான், என்ன விலைக்கு வாங்கினாலும் தண்டச் செலவுதான்.

வாங்குகிறவர் இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கட்டும். முகத்துக்கு மெருகு ஏற்றலாம். அடிப்பலகையில் பிளைவுட் ஒட்டியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பழைய உத்தரத்தை அறுத்துப் புதிதாகச் செய்த நாற்காலியும் இந்த வியாபாரத்தில் உண்டு. மரம் நல்லதுதான்; தாராளமாக வாங்கலாம். நூறு வருஷத்துக்கு உண்டான விலையை மட்டும் கொடுத்துவிட வேண்டாம்.