கொசு விரட்டியும் பொடி எழுத்தும்

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு மலேரியா என்றால் லவரான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த என் அலுவலக நண்பர்களுக்கு ரொனால்ட் ராஸ். உணவு இடைவேளையில் இதை வைத்து நாங்கள் சண்டை போட்டதுண்டு. உண்மையில் இருவருக்கும் பங்கு உண்டு. 1880-ல் அல்ஜீரியாவின் கான்ஸ்தாந்தின் நகரில், பிரெஞ்சு ராணுவ டாக்டரான லவரான் நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897-ல் செகந்திராபாத்தில் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். ராஸுக்கு 1902-லும் லவரானுக்கு 1907-லும் நோபல் பரிசு கிடைத்தது.

அதுவரை தூக்கம் கெடாமல் இருக்கக் கொசுவை விரட்டிய மனிதன், அதற்குப் பிறகு உயிருக்காக விரட்டத் தொடங்கினான். ஆனால் எதைக் கொண்டு விரட்டுவது, எப்படி விரட்டுவது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை.

சூயஸ் கால்வாய் வெட்டிய லெசெப்ஸை எங்கள் பாடப்புத்தகம் பெருமையாகச் சொல்லும். அவர் தலைமையில் 1881-ல் தொடங்கிய பனாமா கால்வாய் வேலை 1889-ல் நின்றுபோனது. பணமும் போயிற்று, மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் இருபதாயிரம் பேருக்கு மேல் மாண்டதாகக் கணக்கு. அங்கிருந்த பிரெஞ்சு மருத்துவமனையில் எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தார்கள். அந்தக் கிண்ணங்களிலேயே கொசு முட்டையிட்டுப் பெருகியது. எறும்பை விரட்டப் போய்க் கொசுவை வளர்த்தார்கள். கொசுதான் காய்ச்சலைப் பரப்புகிறது என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது.

நமக்குத் தெரியும். இருந்தும் நம் வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் காலடியில் அதே கிண்ணம் இன்றும் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் வளரும், பகலில் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையில் வளரும், இரவில் கடிக்கும். எங்கள் புதுச்சேரியில் யானைக்கால் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு காணும் நோய். 1975-ல் இங்கே கொசு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். 1981 முதல் 1985 வரை நகரம் முழுவதும் சாக்கடை, குட்டை, கிணறு என்று கொசு வளரும் இடங்களைத் தேடித்தேடி ஒழித்துப் பார்த்தார்கள். ஆகவே விரட்டி என்பது இரண்டாவது வேலைதான். கிண்ணத்தை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது முதல் வேலை.

இனி விரட்டியின் கதைக்கு வருகிறேன். வேப்பிலைப் புகையும் நொச்சிப் புகையும் நாம் அறிந்தவை. ஜப்பானில் உயெயாமா எய்இச்சிரோ என்ற வியாபாரி, பூச்சியைக் கொல்லும் ஒருவகைச் செவ்வந்திப் பூவின் பொடியைக் கலந்து 1890-ல் ஊதுவத்தி போலக் குச்சி செய்தார். அது முக்கால் மணி நேரம்கூட எரியவில்லை. சுருண்ட பாம்பு போல வத்தியைச் சுருட்டலாமே என்று 1895-ல் யோசனை சொன்னவர் அவர் மனைவி யுகி. 1902 முதல் சுருள் விற்பனைக்கு வந்தது, ராத்திரி முழுவதும் எரிந்தது. 1949-ல் அந்தப் பூவின் சத்தைப் போன்ற ஒன்றை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். இன்றைய கொசுவத்தியிலும் திரவ மருந்திலும் இருப்பது அந்த வம்சத்து மருந்துகளே.

பூ என்றதும் சாதுவானது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கொசுவத்தி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைப்பதற்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, தலைமாட்டில் வத்தி கொளுத்திப் படுப்பது நம் வழக்கம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வத்தி கட்டிலைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும், பக்கத்தில் துணியோ காகிதமோ கூடாது. ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் வத்தியே வேண்டாம், கொசுவலை போதும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை ‘முஸ்திக்கேர்’ என்பார்கள்.

பூசும் மருந்து யுத்தத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் காட்டில் அவதிப்பட்ட சிப்பாய்களுக்காக அமெரிக்க விவசாயத் துறை 1944-ல் ‘டீட்’ என்பதைக் கண்டுபிடித்தது. 1946-ல் ராணுவத்துக்கும், 1957-ல் பொதுமக்களுக்கும் வந்தது. நம் நாட்டிலும் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் ‘டெபா’ என்ற மருந்தை உருவாக்கியது. இவை கொசுவைக் கொல்வதில்லை. நம்மை அண்டவிடாமல் செய்கின்றன, அவ்வளவுதான்.

டீட் மருந்துக் குப்பியில் சதவீதம் போட்டிருப்பார்கள். அது வீரியத்தின் அளவு என்று பலர் எண்ணுகிறார்கள். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கான குறி அது. சுமார் 24 சதவீதம் என்றால் ஐந்து மணி நேரம் தாங்கும். 50-க்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை. மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைக்கடிகார வார் போன்ற பிளாஸ்டிக்கை டீட் கரைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூசும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியே தெரியும் தோலில் மட்டும் மெல்லியதாகப் பூச வேண்டும், ஆடைக்கு உள்ளே கூடாது. புண், கண், வாய் ஆகாது. முகத்துக்கு நேரே பீச்சாமல் உள்ளங்கையில் எடுத்துத் தடவ வேண்டும். வெயில் களிம்பு போடுவதானால் முதலில் அது, பிறகு இது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

குழந்தைகளுக்குப் பெரியவர்கள்தான் பூச வேண்டும். விரலை வாயில் வைப்பார்கள், ஆகவே கையில் பூசக் கூடாது. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு எதுவும் வேண்டாம், வலை ஒன்றே போதும். ‘இயற்கை’ என்று விற்கப்படும் எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய்கூட மூன்று வயதுக்குள் கூடாது. கற்பூரத்தைச் சிறு பிள்ளை விழுங்கினால் வலிப்பு வரும். சுவரில் செருகும் திரவக் குப்பி தரைக்கு அருகே இருந்தால் தவழும் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உள்ளே என்ன மருந்து என்பது அதில்தான் எழுதியிருக்கும்.

குமாஸ்தா உத்தியோகத்தில் நான் கற்ற ஒரு பழக்கம், எந்தக் காகிதத்திலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தை முதலில் படிப்பது. கொசு மருந்துப் பெட்டியிலும் மருந்தின் பெயர், அளவு, வயது வரம்பு எல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கின்றன. கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.